கடன் வாங்கிய பாடவேளை

ஏழாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை உடற்கல்வி. கால அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. அவற்றில் ஒன்றையாவது நான் வாங்கிக்கொள்வது பல வருடப் பழக்கம். நான் சமூக அறிவியல் ஆசிரியை. பாடம் எப்போதும் பாக்கி இருக்கும். "சார், இந்த பீரியடை எனக்குக் குடுத்துடுங்க" என்று கேட்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். பகுதிநேரமாக வரும் உடற்கல்வி ஆசிரியர் மறுத்ததே இல்லை.

இதில் நான் வெளியே சொல்லாத ஒரு விஷயம் உண்டு. பையன்களை உட்கார வைத்தால் வகுப்பு அடங்காது. அதனால் அவர்களைக் கிரவுண்டுக்கு விட்டுவிடுவேன். பெண் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து நோட்டை முடிக்கச் சொல்வேன். அவர்களும் முடிப்பார்கள். ஒரு நாள் ஒருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், பி.டி.க்கு நோட்டு கிடையாதா? அதுல நாங்க என்ன படிக்கணும்?"

கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கணக்கில் இந்த வயதுப் பிள்ளை என்ன கற்றிருக்க வேண்டும் என்று சொல்வேன். வரலாற்றில் சொல்வேன். தன் உடம்பைப் பற்றி, தன் உடம்பைக் கொண்டு, பன்னிரண்டு வயதுப் பெண் என்ன கற்றிருக்க வேண்டும்? இதை யார், எப்போது, எதற்காக முடிவு செய்தார்கள்? வரலாறு சொல்லித்தருகிறவள் என்பதால் எனக்குத் தெரிந்த வழியில் தேடினேன்.

தாய்களைத் தயார் செய்தல்

முத்துலட்சுமி ரெட்டியிலிருந்து தொடங்குகிறேன். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பருவமடைந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அன்று இல்லை. வீட்டிலிருந்தே படித்து 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்த்துக்கொள்ள எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் அனுமதியோடுதான் உள்ளே போக முடிந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். உடம்பு வளர்ந்ததே ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தப் போதுமான காரணமாக இருந்த காலத்தைத் தாண்டி வந்தவர் அவர்.

அவர் 1927இல் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்து எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, எல்லாப் பள்ளி கல்லூரி மாணவர்களுக்கும் முறையான உடல் பரிசோதனை வேண்டும் என்பது. அதே 1927 ஜனவரியில் புனேயில் அகில இந்தியப் பெண்கள் மாநாடு முதன்முறையாகக் கூடியது. கூட்டுவதற்கு முன்நின்றவர் மார்கரெட் கசின்ஸ். பத்து வருடங்களுக்கு முன் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெண்கல்விச் சீர்திருத்தத்துக்காகக் கூடிய அந்த மாநாடு, ஆண் பெண் இரு பாலர் பள்ளிகளிலும் உடற்பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டது. குழந்தை மணத்தையும் கண்டித்தது.

இந்த இரண்டும் ஒரே மேடையில் வந்தது தற்செயலல்ல. பன்னிரண்டு வயதில் பிரசவ அறைக்குப் போக இருக்கிற உடம்பை மைதானத்துக்கு அனுப்ப முடியாது. பெண்ணின் திருமண வயதை 16 ஆக உயர்த்த வேண்டும் என்று முத்துலட்சுமி 1928இல் மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இன் சாரதா சட்டம் 14இல் நின்றது. திருமணம் தள்ளிப்போனபோது இந்நாட்டுப் பெண்ணுக்குப் புதிதாக ஒரு வயது கிடைத்தது. சிறுமியும் அல்ல, மனைவியும் அல்ல என்ற அந்தச் சில வருடங்களைத்தான் இன்று நடுநிலை வகுப்புகள் என்கிறோம். அந்த வருடங்களை எதைக்கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று உடற்கல்வி.

ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு நிபந்தனையும் இருந்தது. ஆரோக்கியமான பெண் வேண்டும், ஏனென்றால் ஆரோக்கியமான தாய் வேண்டும். தாய் எதற்கு? தேசத்துக்கு. அன்றைய சீர்திருத்தவாதிகள் பலரும் இப்படித்தான் வாதிட்டார்கள். எதிரில் இருந்தவர்களை ஒத்துக்கொள்ள வைக்க அதுவே எளிய வழி. அவர்கள் போராடியிராவிட்டால் நான் இதை எழுத மேசை கிடைத்திருக்காது. என்றாலும் அந்த வாதம் விட்டுச்சென்ற தழும்பு நம் பாடத்திட்டத்தில் இன்றும் இருக்கிறது. பெண்ணின் உடல்நலம் அவளுடைய நலமாகத் தனியே நிற்பதற்குள் இன்னொருவரின் நலத்துக்கான கருவியாகிவிடுகிறது.

பெண்களுக்கென்று ஒரு விளையாட்டு

என் பள்ளியில் பெண் பிள்ளைகள் கிரவுண்டுக்குப் போனால் ஆடுவது எறிபந்து, இல்லையென்றால் ரிங். 'இது பொண்ணுங்க கேம்' என்று எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும்?

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். மறு வருடமே பக்கத்திலிருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைத் தன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார், விதிகளை மாற்றி. ஆடுகளத்தை மூன்று பகுதியாகப் பிரித்தார். ஒருத்தி தன் பகுதியைத் தாண்டி ஓடக் கூடாது. இன்னொருத்தியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. 1893இல் நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதியில்லை. பெரன்சனை நான் குறை சொல்ல மாட்டேன். ஓடினால் கர்ப்பப்பை கெடும் என்று மருத்துவர்களே பேசிய காலத்தில், பெண்களை ஆடவிடுவதற்காகக் கொடுத்த விலை அந்த விதிகள். ஆனால் விலை கொடுத்தவர்கள் போன பிறகும் விதிகள் நின்றுவிடுகின்றன.

அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாக ஹாரி க்ரோ பக் சென்னைக்கு வந்து 1920இல் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறது. நம் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர் பரம்பரை பெரும்பாலும் அங்கிருந்து கிளைத்தது. எறிபந்தும் ஒய்.எம்.சி.ஏ. மூலம் சென்னைக்கு வந்து 1940களில் பெண்கள் ஆட்டமாகப் பரவியது என்பதுதான் எறிபந்துச் சங்கங்கள் சொல்லும் வரலாறு. கைப்பந்துக்கும் எறிபந்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். கைப்பந்தில் குதித்து அடிக்க வேண்டும், விழுந்து எடுக்க வேண்டும். எறிபந்தில் பிடித்து எறிய வேண்டும், நின்ற இடத்தில் நின்றே ஆடலாம். பாவாடை தாவணியில் ஆடலாம். இன்று ஆண்களும் எறிபந்து ஆடுகிறார்கள், நல்ல ஆட்டம்தான். ஆனால் நம் பள்ளிகளில் அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதற்குப் பின்னால் சொல்லப்படாத கற்றல் இலக்கு ஒன்று இருக்கிறது: விழாதே, மோதாதே, விரியாதே.

எண்ணூறு மீட்டர்

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் வைத்தார்கள். 800 மீட்டரில் ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையுடன் வென்றார். மறுநாள் பத்திரிகைகள், ஓடியவர்கள் மயங்கி விழுந்தார்கள் என்று எழுதின. இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்திருந்தார்கள். ஓடி முடித்த பிறகு களைத்துப் படுப்பது எந்த ஓட்டக்காரரும் செய்வது. பெண் படுத்தபோது அது மருத்துவச் சான்றாகிவிட்டது. ஒலிம்பிக்கில் அந்தப் போட்டி மீண்டும் வர 1960 ரோம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 32 வருடங்கள்.

இந்தக் கதையைப் படித்தபோது 1984 ஞாபகம் வந்தது. நான் ஏழாம் வகுப்பு. ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கத்தைத் தவறவிட்டார். 55.42. எங்கள் பி.டி. மாஸ்டர் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கண்ணை ஒருமுறை சிமிட்டி, "இதைவிடக் கம்மி" என்றார். அந்த மாதம் முழுவதும் நாங்கள் ஓடினோம். நான் வேகமாக ஓடுவேன். மாஸ்டர் என் பெயரை ஜோனல் போட்டிக்கு எழுதியிருந்தார்.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு வயதுக்கு வந்தேன். பதினாறு நாள் வீட்டில். மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர், புட்டு, உளுந்தங்களி. களி நன்றாகத்தான் இருந்தது. திரும்பப் பள்ளிக்குப் போனபோது மேலே தாவணி. அப்பாயி அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "இனிமே என்னடி ஓட்டம்? நாலு பேரு பாக்க." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டரும் ஒன்றும் கேட்கவில்லை. என் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருந்தார். யாரும் திட்டவில்லை, யாரும் தடுக்கவில்லை. அவ்வளவு சத்தமில்லாமல் நடந்தது. அந்த மௌனத்தைத்தான் நான் பள்ளியில் கற்ற நலக்கல்வி என்று சொல்ல வேண்டும்.

தாளில் இருந்த சமத்துவம்

அந்த நேரத்தில் தாளில் என்ன இருந்தது என்று பின்னாளில் பார்த்தேன். 1952–53இன் இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஏ. லட்சுமணசாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மகப்பேறு மருத்துவர். மாணவர் உடல்நலத்துக்கு அவர் குழு நிறையவே இடம் கொடுத்தது. நாற்பது வயதுக்குக் குறைந்த ஆசிரியர்கள் எல்லோரும் மாணவர்களோடு விளையாட்டில் கலந்துகொள்ள வேண்டும் என்றுகூடப் பரிந்துரைத்தது. அதே குழு பெண்களுக்கு மனையியல் படிக்கும் வசதியை எல்லாப் பெண்கள் பள்ளிகளிலும் இருபாலர் பள்ளிகளிலும் செய்யச் சொன்னது.

அதற்கு மாற்றுக் குரல் ஹன்சா மேத்தாவுடையது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் வாசகத்தில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்பட்டதை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் அவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் பாடத்திட்டம் வேறுபட வேண்டுமா என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி, பால் அடிப்படையில் பாடங்களைப் பிரிக்கத் தேவையில்லை என்று 1964இல் சொன்னார். கோத்தாரி குழுவும் அதை ஏற்றது. ஆக, நான் ஓடுவதை நிறுத்திய வருடத்தில் தாளில் எனக்குச் சம உரிமை கிடைத்து இருபது வருடம் ஆகியிருந்தது. மாஸ்டரின் பட்டியலுக்கும் அப்பாயியின் காதுக்கும் அந்தத் தாள் வந்து சேரவில்லை.

சொல்லித் தராத பாடம்

2005இல் ஒன்றிய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பருவமாற்றம், எச்.ஐ.வி., பாலினம், மறுக்கும் உரிமை எல்லாம் அதில் இருந்தன. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்கள் அதை எதிர்த்து நிறுத்தின. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்றது. பண்பாடு கெடும் என்பது காரணம்.

அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த நடுவில், 2006 டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் சாந்தி சௌந்திரராஜன் வெள்ளி வென்றார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். முத்துலட்சுமி பிறந்த அதே மண், ராட்கே வென்ற அதே ஓட்டம். சில நாள்களில் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடற்கூறு தொலைக்காட்சியில் செய்தியாக ஓடியது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவரை அப்படிச் சொல்லலாமா என்று ஒரு நாடே தீர்ப்பெழுதியது.

அன்று எங்கள் ஆசிரியர் அறையில் நடந்த பேச்சை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பட்டம் படித்த பன்னிரண்டு பேர் இருந்தோம். குரோமோசோம், ஹார்மோன், உடலமைப்பு மூன்றும் எல்லோருக்கும் ஒரே வரிசையில் அமைவதில்லை என்ற அடிப்படை விஷயம் ஒருவருக்கும் தெரியாது. நானும் சிரித்தேன். நலக்கல்வி இல்லாத ஒரு சமூகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அந்த அறையைக் காட்டுவேன். இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளிக்க 2019 ஆனது. தமிழ்நாடு அந்தத் தடையை நடைமுறைப்படுத்தியது. நீதிமன்றம் கற்ற பாடம் எங்கள் வகுப்பறைக்கு இன்னும் வரவில்லை.

அளக்கப்படாதது

2009இன் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்றது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்றது. பகுதிநேரம் என்ற சொல்லை எழுதியது சட்டமேதான். தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், வாரத்தில் மூன்று அரை நாள்களுக்கு. என் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அவர்களில் ஒருவர். நான் பாடவேளை கேட்டால் அவர் ஏன் மறுப்பதில்லை என்பதற்குப் பதில் இந்த எண்களில் இருக்கிறது. நிரந்தர ஆசிரியையிடம் அவர் எதைச் சொல்லி மறுப்பார்?

2017இல் தொடக்க வகுப்புகளுக்கான கற்றல் விளைவுகளை என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டது. மொழிகள், கணிதம், சூழ்நிலையியல், அறிவியல், சமூக அறிவியல். உடற்கல்வி அந்தப் பட்டியலில் இல்லை. 2005இன் கலைத்திட்டச் சட்டகம் பத்தாம் வகுப்பு வரை அதைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லியிருந்தது. கட்டாயம், ஆனால் என்ன கற்றார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கப்படாத பாடத்தின் நேரத்தைத்தான் என்னைப் போன்றவர்கள் கடன் வாங்கினோம். 2023இன் ஒன்றியச் சட்டகம் உடற்கல்வியையும் நலவாழ்வையும் ஒரு தனிப் பாடப்பரப்பாக்கி இலக்குகளை வகுத்தது. அதற்கு அடிப்படையான கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. 2025இல் தனக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. எந்தக் கொள்கையானாலும், என் பள்ளியில் வியாழக்கிழமை ஆறாவது பாடவேளை என்ன ஆகிறது என்பதில்தான் அது நிற்கும்.

உலக சுகாதார நிறுவனம் பள்ளி வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது. 2016 வரையிலான தரவுகளை வைத்து அது செய்த கணக்கில், உலகெங்கும் 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதத்தினருக்கு அது கிடைப்பதில்லை. ஆண்களில் 78. நம் நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019–21இன் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் தருகிறோம். புது யுகம் திட்டத்தில் நாப்கின் தருகிறோம். இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் மாத்திரையைத் தரும்போது அது எதற்கென்று சொல்வதில்லை. நாப்கினைத் தரும்போது பையன்களை வெளியே அனுப்பிவிடுகிறோம். எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடமே இருக்கிறது. அதைப் பல வகுப்புகளில் 'வீட்ல படிச்சுக்கங்க' என்று தாண்டுவதை நானே கேட்டிருக்கிறேன்.

திருப்பிக் கொடுத்தது

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு ஒரு நோட்டில் பதில் எழுதிப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு முடிக்கும்போது ஒரு பெண் மூச்சு வாங்க ஓடியிருக்க வேண்டும். விழுந்து எழுந்திருக்க வேண்டும். தோற்றுப்போய் அடுத்த வாரமும் ஆட வந்திருக்க வேண்டும். தன் மாதச் சுழற்சியைத் தேதி போட்டுக் குறிக்கத் தெரிய வேண்டும். எந்த வலி வழக்கமானது, எதற்கு டாக்டரிடம் போக வேண்டும் என்று தெரிய வேண்டும். தொடாதே என்று சத்தமாகச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். உடம்புகள் பலவிதம் என்று தெரிய வேண்டும், இதைப் பையன்களும் கூடவே கற்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட அவள் நல்ல தாயாவதற்காக இல்லை. ஆனால் ஆகட்டும், ஆகாமல் போகட்டும்.

சென்ற ஜூனிலிருந்து பாடவேளையைக் கடன் வாங்குவதில்லை. முதல் வாரம் பெண்கள் கிரவுண்டுக்குப் போய் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பையன்கள் கிரிக்கெட்டுக்கு மொத்த இடத்தையும் பிடித்திருந்தார்கள். இடத்தைக் கேட்டு வாங்குவதே ஒரு மாதப் பாடமாக இருந்தது. உடற்கல்வி ஆசிரியரும் நானும் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாதியைப் பிரித்தோம். முதலியார் குழு சொன்ன நாற்பது வயதை நான் கடந்து வெகுநாளாகிறது. கோட்டோரம் நின்று நேரம் பார்க்கிறேன்.

போன வாரம் ஒருத்தி அம்மாவின் கடிதத்தோடு வந்தாள். 'வயிற்று வலி, விளையாட விட வேண்டாம்.' கடிதத்தை வாங்கி மடித்துவைத்துக்கொண்டு அவளிடம் கேட்டேன்: "உனக்கு எப்படி இருக்கு? உக்காரணுமா, ஆடணுமா?"

அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை போல. கொஞ்சம் யோசித்தாள்.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன் டீச்சர்" என்றாள். பத்து நிமிடம் கழித்து எழுந்து போனாள்.